அந்தப் பணம் முதல் வருஷம் வராது, தங்கச்சி

நாமக்கல்லில் பிபிடி (இளநிலை பிசியோதெரபி) முடித்து இன்டர்ன்ஷிப்பில் இருப்பதாக எழுதியிருக்கிறாய். அமெரிக்காவில் பிசியோதெரபி மேல்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் அறக்கட்டளைகள் பணம் தருகின்றனவாமே, அதை நம்பிக் கிளம்பலாமா, குளிருக்கு என்ன துணி எடுத்து வருவது, சைவச் சாப்பாடு கிடைக்குமா, அங்கே இருக்கும் தமிழர்கள் உதவுவார்களா என்று கேட்டிருக்கிறாய். அக்கா என்று கூப்பிட்டதால் நீ என்றே எழுதுகிறேன்.

குளிர்கோட்டை இங்கே வந்து வாங்கிக்கொள். பருப்பும் புளியும் எல்லா ஊரிலும் கிடைக்கின்றன. பணத்தைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் 2008 ஆகஸ்டில் நானும் இதே நம்பிக்கையோடுதான் வந்து இறங்கினேன்.

எங்கள் ஊர் திருமங்கலம் பக்கம். சென்னையில் ஒரு ஏஜெண்ட், 'உதவித்தொகைப் பட்டியல்' என்று ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு கட்டைக் கொடுத்து அப்பாவிடம் நாற்பதாயிரம் வாங்கினார். அம்மாவின் வளையல் அதற்குத்தான் அடகுக்குப் போனது. இங்கே வந்து முதல் வாரம், நூலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். எல்லாமே உண்மையான அறக்கட்டளைகள், உண்மையான தொகைகள். ஆனால் ஒன்றுக்குக்கூட எனக்குத் தகுதி இல்லை. ஒன்று குடியுரிமை கேட்டது, இன்னொன்று அமெரிக்க உரிமம் கேட்டது, இன்னொன்று பிஎச்டியில் பாதி தாண்டியவர்களுக்கு. தகுதி விதி எல்லோரும் இலவசமாகப் படிக்கும் இடத்திலேயே இருக்கிறது. உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று எவர் பணம் கேட்டாலும் அங்கேயே பேச்சை நிறுத்திவிடு. கொடுப்பவர்கள் வாங்குபவரிடம் கட்டணம் கேட்பதில்லை.

அடுத்தது, டிபிடி வேறு, பிஎச்டி வேறு. உன் கேள்வியில் இரண்டையும் ஒன்றாகப் போட்டிருக்கிறாய். டிபிடி என்பது இங்கே பிசியோவாக வேலை பார்ப்பதற்கான தொழில் படிப்பு. கட்டணத்தை நீதான் கட்ட வேண்டும். பல இடங்களில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். பிஎச்டி ஆராய்ச்சிப் படிப்பு. நல்ல இடமாக அமைந்தால் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்கு மாதச் சம்பளமும் தருவார்கள். அந்தச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் உன் கைடு, அதாவது உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர், எழுதி வாங்கிய மானியத்திலிருந்து. அதனால் நீ முதலில் தேட வேண்டியது அறக்கட்டளையை அல்ல, கைடை. அவர் கையில் இப்போது நடக்கும் புராஜெக்ட் என்ன, அதில் இன்னும் எத்தனை வருஷம் பாக்கி, இதைக் கேள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். எனக்கு அந்த வெட்கம் போக இரண்டு வருஷம் ஆனது.

நம் துறைக்கென்றே இங்கே இருக்கும் பெரிய அறக்கட்டளை ஃபவுண்டேஷன் ஃபார் பிசிகல் தெரபி ரிசர்ச். 1979இல் தொடங்கியது, வர்ஜீனியாவில் அலெக்ஸாண்ட்ரியாவில் இருக்கிறது. பிஎச்டி மாணவர்களுக்கு அது தரும் உதவித்தொகையைப் பாட்ஸ் என்போம். நான் விண்ணப்பித்த காலத்தில், பாடங்கள் படிக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு அதிகபட்சம் 7,500 டாலர், ஆய்வேடு நிலைக்கு வந்தவர்களுக்கு 15,000 டாலர். எனக்கு நாலாவது வருஷம் கிடைத்தது. அதாவது விமானத்தில் ஏறும் பெண்ணுக்கான பணம் அல்ல அது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவள் பாதியில் நின்றுவிடாமல் இருப்பதற்கான பணம். புதிதாகப் பேராசிரியரானவர்களுக்கும் அது ஆய்வு மானியம் தருகிறது. அதை விதைநெல் என்று சொல்லலாம். இருபது முப்பது நோயாளிகளை வைத்து ஒரு சின்ன ஆய்வைச் செய்து, அந்த எண்களைக் காட்டித்தான் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்திடம் பெரிய மானியம் கேட்க முடியும். கையில் ஒன்றும் இல்லாமல் அங்கே போனால் முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுவார்கள்.

அந்தப் பணம் எப்படிச் சேர்கிறது என்று பார்த்த பிறகுதான் எனக்கு அதன்மேல் மரியாதை வந்தது. மில்வாக்கியில் மார்க்வெட் பல்கலைக்கழகத்தின் பிசியோ மாணவர்கள் 1980களின் இறுதியில் ஒரு போட்டியைத் தொடங்கினார்கள். நாடு முழுக்க பிசியோ மாணவர்கள் அந்த அறக்கட்டளைக்காக வருஷா வருஷம் பணம் திரட்டுகிறார்கள். கேக் விற்பார்கள், ஓட்டப் பந்தயம் நடத்துவார்கள். போன வருஷம் ஜெயித்த கல்லூரியின் பெயரையும் மார்க்வெட்டின் பெயரையும் சேர்த்துத்தான் அந்த வருஷப் போட்டிக்குப் பெயர் வைப்பார்கள். எங்கள் துறை மாணவர்கள் மேசை போட்டபோது நான் எலுமிச்சைச் சாதமும் சுண்டலும் செய்து எடுத்துப் போனேன். ஒரு கப் இரண்டு டாலர். மதியத்துக்குள் பாத்திரம் காலி. அந்த ஒற்றை டாலர் நோட்டுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டும்போது எங்கள் ஊர் மொய் நோட்டுதான் நினைவுக்கு வந்தது. கொடுத்தவர்கள் பெயர் நோட்டில் இருக்கும், அவர்கள் வீட்டு விசேஷம் வரும்போது வாங்கியவர்கள் திருப்பிச் செய்வார்கள். வேலையில் சேர்ந்ததிலிருந்து வருஷம் தவறாமல் நானும் அனுப்புகிறேன்.

இனி நம் ஆட்களைப் பற்றி. உதவுவார்களா என்று கேட்டாய். உதவுவார்கள். எனக்கு முதல் மாதம் தங்க இடம் கொடுத்தது ஒரு மலையாளி நர்ஸ் அக்கா, பனியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது ஒரு ஃபிலிப்பினோ பிசியோ, வரி படிவம் நிரப்பித் தந்தது காரைக்குடி அண்ணன் ஒருவர். ஆனால் வேறு ஒரு வகையும் உண்டு, அவர்களிடம் நீ ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உரிமத் தேர்வான என்பிடிஇக்கு, முன்னால் எழுதியவர்கள் ஞாபகம் வைத்துச் சொன்ன கேள்விகளைத் தொகுத்து விற்பார்கள். 'ரீகால்ஸ் இருக்கிறது, எல்லோரும் படிக்கிறார்கள்' என்பார்கள். 2010 கோடையில் நான் அந்தத் தேர்வுக்குத் தயாராகி இருந்தேன். ஜூலையில் செய்தி வந்தது: கேள்விகள் கசிந்ததால் இந்தியா, ஃபிலிப்பைன்ஸ், எகிப்து, பாகிஸ்தான் ஆகிய நாலு நாடுகளில் படித்தவர்களுக்குத் தேர்வு நிறுத்தம். ஒரு கேள்வியைக்கூட வெளியில் கேட்டறியாத என்னையும் சேர்த்துத்தான். அடுத்த வருஷம் தனித் தேர்வு என்று திரும்பத் திறக்கும்வரை பிசியோவாக ஒரு நோயாளியைத் தொட முடியவில்லை. கடன் தவணை நிற்கவில்லை. அம்மாவிடம் ஃபோனில் 'ரிசல்ட் வரவில்லை' என்றே சொல்லிவந்தேன். அந்த இடைவெளியில்தான் ஒரு பேராசிரியர் தன் புராஜெக்டில் இடம் கொடுத்து என்னைப் பிஎச்டிக்குள் இழுத்தார். எனக்கு வழி கிடைத்தது. என்னோடு படித்த இரண்டு பேர் ஊருக்குத் திரும்பினார்கள். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. யாராவது உனக்கு ரீகால்ஸ் அனுப்பினால் திறந்துகூடப் பார்க்காதே.

இன்னொரு மனக்குறையும் உண்டு. இங்கே நம்மவர்கள் நட்சத்திர இரவு என்றால் நூறு டாலர் டிக்கெட்டை யோசிக்காமல் வாங்குகிறார்கள். நம் துறை ஆராய்ச்சிக்கு என்று போய்க் கேட்டால் 'பிசியோவில் என்ன ஆராய்ச்சி, மசாஜ்தானே' என்கிறார்கள். ஊரில் கேட்ட அதே பேச்சு. வேலூரில் மேரி வர்கீஸ் யார் என்று இவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். ஃபெலோஷிப்பில் நியூயார்க் போய் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, 1966இல் சிஎம்சியில் மறுவாழ்வு மையத்தைத் தொடங்கினார். ஒருவருக்குக் கிடைத்த பயிற்சிப் பணம் வேலூரில் எத்தனை பேரை எழுந்து உட்கார வைத்திருக்கிறது! நான் அங்கே இன்டர்ன்ஷிப்பில் ஒரு மாதம் இருந்தேன், கண்ணால் பார்த்தேன்.

உன் பையில் இருக்கும் எம்எம்டி புத்தகத்தின், அதாவது தசை வலிமையைக் கையால் சோதிக்கக் கற்றுத்தரும் புத்தகத்தின், அட்டையைப் பார். டேனியல்ஸ், வொர்திங்ஹாம் என்று இரண்டு பெயர் இருக்கும். அந்தக் கேத்தரின் வொர்திங்ஹாம், போலியோவுக்காக அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1938இல் தொடங்கிய அறக்கட்டளையில் கல்விப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். பொதுமக்கள் அனுப்பிய பத்து சென்ட் காசுகளில்தான் அந்த அமைப்பு அந்தக் காலத்தில் பிசியோ படிப்புக்கு உதவித்தொகை கொடுத்தது. போலியோ வந்த குழந்தைகள் ஏராளம், அவர்களுக்குக் கை கொடுக்க ஆள் போதவில்லை.

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் படித்த செய்தியாகத்தான் இருந்தது, 2013இல் ஒரு பாட்டியைப் பார்க்கும்வரை. எங்கள் நடை ஆய்வுக்குத் தானாக முன்வந்தவர். எழுபது தாண்டியவர். சின்ன வயதில் போலியோ வந்து நன்றாகத் தேறியவர், இப்போது மறுபடி கால் தளர்ந்துகொண்டிருந்தது. மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை முழங்காலில் வைத்து அளக்கும்போது, ஈரக் கம்பளி வாசனை இன்னும் தனக்குப் பிடிக்காது என்றார். வார்டில் கொதிநீரில் நனைத்துப் பிழிந்த கம்பளித் துண்டுகளை நாள் முழுக்கக் காலில் சுற்றுவார்களாம். அவர் வார்டில் கிடந்தபோது, காசு செருகத் துளைகள் வெட்டிய ஒரு அட்டையை அண்ணன் வீடு வீடாகக் கொண்டுபோய் நிரப்பினாராம். நிரம்பிய அட்டை என்ன கனம் கனக்கும் என்று கையை ஏந்திக் காட்டினார்.

ஆறு முறை வர வேண்டிய ஆய்வு அது. பனி கொட்டிய பிப்ரவரியிலும் காலில் பிரேஸ் மாட்டிக்கொண்டு, மகள் கார் ஓட்ட, ஒரு நாள் தவறாமல் வந்தார். வந்து போவதற்கு நாங்கள் கொடுக்கும் இருபது டாலரைக் கடைசி நாள்வரை வாங்கவே இல்லை. கடைசி நாள் ஆறு உறைகளையும் மொத்தமாக வாங்கி, மேசைமேல் இருந்த, அறக்கட்டளைக்குப் பணம் சேர்க்கும் எங்கள் உண்டியலில் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டுப் போனார்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். நீ இப்போது செய்ய வேண்டியது இது. நடை, பக்கவாதம், முதுகுவலி, எது உனக்கு உண்மையாகவே பிடிக்கிறதோ அதில் வேலை செய்யும் ஐந்து பேராசிரியர்களின் சமீபத்திய கட்டுரைகளைப் படி. கட்டுரையின் கடைசியில் யார் பணம் கொடுத்தார்கள் என்று ஒரு வரி இருக்கும், அதையும் குறித்துக்கொள். அப்புறம் ஒருவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுது. அனுப்புவதற்கு முன்னால் எனக்குக் காட்டு. ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் நேரம் இரவு எட்டு மணிக்கு மேல் நான் ஃப்ரீ.