வாசகர் கேள்வி – பதில்: சபையார் ஏன் பாடுவதில்லை?

கேள்வி: ஞாயிறு ஆராதனையில் பாடற்குழுவின் குரல் மட்டுமே கேட்கிறது. சபையார் முதல் சரணத்தோடு நின்றுவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் சுருதியைப் பாருங்கள். ஒலிப்பதிவில் உள்ள சுருதி, தேர்ந்த பாடகரின் குரலுக்கு ஏற்றது. சபைக்கு அது பெரும்பாலும் உயரம். தொண்டை இறுகியதும் வாயை மூடிக்கொள்வார்கள். பாட்டின் உச்ச சுரத்தைக் கண்டுபிடியுங்கள். மேற்கத்திய சுரப்பெயரில் அது மேல் டி-யைத் (D) தாண்டாதிருக்கட்டும். எப்போதாவது ஒரு ஈ (E) சுரம் வந்து போனால் பாதகமில்லை. கீழே ஏ (A) வரை இறங்கலாம், அதற்குக் கீழே முணுமுணுப்புதான் வரும்.

ஜி சுருதிப் பாட்டில் உச்சம் எஃப் ஷார்ப் என்றால், நான்கு அரைச்சுரம் இறக்கி ஈ ஃப்ளாட்டில் எடுங்கள். கிட்டார்காரர் மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு சி கார்டுகளை வாசிக்கலாம். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்கும் வசதி) மைனஸ் 4. பாட்டு முடிந்ததும் அதைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர மறந்தால், அடுத்த பாட்டில் இரு வாத்தியமும் மோதிக்கொள்ளும். இது அடிக்கடி நடப்பது.

புதுப் பாட்டு ஒரு ஆராதனைக்கு ஒன்று போதும். அதையே தொடர்ந்து மூன்று வாரம் பாடுங்கள். கடைசிப் பல்லவியில் டிரம்ஸை நிறுத்தி, நடத்துபவர் மைக்கை விட்டு விலகட்டும். சபையார் தங்கள் குரலைக் கேட்டால்தான் துணிவார்கள்.

கேள்வி: திரையில் வரிகள் எப்போதும் தாமதமாகவே வருகின்றன.

பதில்: வரியின் கடைசிச் சொல்லைப் பாடும்போதே அடுத்த ஸ்லைடுக்கு மாற்ற வேண்டும். திரையை இயக்குபவரும் ஒத்திகைக்கு வரட்டும்.