பழைய பெரிய கேமரா ரிப்பேர்: ஷட்டர், ரேக், பெல்லோஸ் பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, “உடைந்துவிட்டதா, ஸ்பேர் எங்கே கிடைக்கும்” என்றுதான் இருந்தது. அதில் நிஜமாக உடைந்தது ஒன்றிரண்டுதான் இருக்கும் போல. மற்றதெல்லாம் காய்ந்த எண்ணெய், தேய்ந்த பல், இளகிய ஸ்க்ரூ.

கே: லென்ஸுக்கு நடுவில் இருக்கும் காம்பர் ஷட்டரில் 1/50, 1/100 செகண்ட் நன்றாக அடிக்கிறது. ஒரு செகண்ட், அரை செகண்ட் வைத்தால் பாதியில் நின்றுவிடுகிறது. ஸ்பிரிங் போய்விட்டதா?

ப: ஸ்பிரிங் போயிருந்தால் வேகமான ஸ்பீடும் தடுமாறியிருக்கும். மெதுவான ஸ்பீடுகளை நடத்துவது உள்ளே இருக்கும் ஒரு சின்னப் பல்சக்கரத் தொகுதி. அதில் எப்போதோ விட்ட எண்ணெய் பிசினாகியிருக்கிறது, அவ்வளவுதான். முதலில் லென்ஸின் முன்பாதி, பின்பாதி இரண்டையும் கழற்றித் தனியே வையுங்கள், ஏனென்றால் கரைப்பான் உள்ளே போனால் அழுக்கைக் கண்ணாடி மேல்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். முன் தட்டைத் திறந்து, சக்கரங்கள் மேல் சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஷட்டரை அடித்துக்கொண்டே இருங்கள் (அடுப்பு, விளக்கு பக்கத்தில் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்). காய்ந்ததும் மறுபடி திக்கினால் அழுக்கு இடம் மாறியிருக்கிறது, வெளியேறவில்லை என்று அர்த்தம். திரும்பச் செய்யுங்கள். கடைசியில் சக்கர அச்சுகளில் மட்டும், ஊசிமுனையில் தொட்ட அளவு வாட்ச் ஆயில். வெளிச்சத்தைத் திறந்து மூடும் மெல்லிய இதழ்களில் எண்ணெய் படவே கூடாது, படிந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஸ்பிரிங் இழுக்கிற இழுப்பில் வளைந்துவிடும். தையல் மெஷின் எண்ணெயைப் பீச்சி அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கை பதறும்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க மொபைலில் 240 ஃபிரேம் ஸ்லோ மோஷன் போதும். அரை செகண்டுக்கு சுமார் 120 ஃபிரேம் திறந்திருக்க வேண்டும். இன்னொன்று, ஓரத்து வளையத்தில் ஸ்பீடு வைக்கும் காம்பரில் கடைசி ஸ்பீடுக்குத் தனியாக ஒரு ஸ்பிரிங் உண்டு. ஷட்டரை இழுத்து வைப்பதற்கு முன்பே அந்த ஸ்பீடை வைத்துவிடுங்கள். இழுத்த பிறகு வளையத்தை மல்லுக்கட்டித் திருப்பினால்தான் நிஜமாகவே உடையும்.

கே: என்னிடம் இருப்பது காம்பவுண்ட் ஷட்டர். அதற்கும் இதே வைத்தியமா?

ப: இல்லை. இரண்டும் மியூனிக் டெக்கல் கம்பெனி செய்ததுதான், ஆனால் காம்பவுண்டில் நேரத்தைப் பிடிப்பது காற்று. மேலே இருக்கும் பித்தளை சிலிண்டருக்குள் பிஸ்டன் நகர்வதுதான் கணக்கு. சிலிண்டரைக் கழற்றி, பஞ்சில்லாத துணியால் உலர்வாகத் துடைத்து மாட்டுங்கள். உள்ளே ஒரு துளி எண்ணெய் விட்டாலும் ஸ்பீடு எல்லாம் கோணலாகிவிடும்.

கே: வீட்டில் ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி கேமரா இருக்கிறது. ஃபோகஸ் குமிழைத் திருப்பினால் நடுவில் வழுக்குகிறது, லென்ஸ் பலகையும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது.

ப: இரண்டும் வேறு வேறு வியாதி. சாய்வது முதலில். குமிழின் அச்சில் இரண்டு பக்கமும் பினியன் (சின்னப் பல்சக்கரம்) இருக்கும், அவை பலகையின் இருபுறமும் உள்ள பித்தளை ரேக்கில் (பல் வெட்டிய நீளப் பட்டை) கடித்து ஓடும். ஒரு பக்கம் ஒரு பல் தள்ளிக் கடித்திருந்தால் பலகை சாயும். பலகையை முழுசாக வெளியே உருவி, இரண்டு பக்கமும் சேர்ந்து கடிக்கிற மாதிரி நேராக உள்ளே விட்டால் சரியாகிவிடும்.

வழுக்கலுக்கு, முதலில் ரேக்கைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். பழைய தேக்கில் ஓட்டை அகன்று ஸ்க்ரூ பிடிமானம் இழந்திருக்கும், ரேக் கீழே அழுங்கிப் பினியனுக்கு எட்டாமல் போயிருக்கும். ஓட்டையில் ஈர்க்குச்சித் துண்டுகளை மரப்பசையில் தோய்த்து அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, அதே பழைய ஸ்க்ரூவையே போடுங்கள். பெரிய ஸ்க்ரூ போட்டால் மரம் பிளக்கும். அப்படியும் வழுக்கினால் ரேக்குக்கு அடியில் மெல்லிய பித்தளைத் தகடு வைத்து உயர்த்தலாம். பல்லே தேய்ந்திருக்கிறதா? தேய்வது எப்போதும் ஒரே இடத்தில், போர்ட்ரெய்ட் எடுக்கிற தூரத்தில்தான். எனவே ரேக்கைக் கழற்றி முனை மாற்றி, தலை வாலாகப் போட்டுப் பாருங்கள், தேயாத பற்கள் அந்த இடத்துக்கு வரலாம். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிதாக ரேக் கடைந்து வாங்குவது இதெல்லாம் பலிக்காத பிறகு.

கே: ஸ்பீடு கிராஃபிக் வாங்கினேன். லென்ஸ் ஷட்டர் அடிக்கிறது, ஃபிலிம் மட்டும் வெறுமையாக வருகிறது.

ப: அந்தக் கேமராவில் லென்ஸ் ஷட்டர் போக, பின்னால் ஃபிலிமுக்கு முன் துணித்திரையாலான இன்னொரு ஷட்டரும் உண்டு, அது மூடியிருக்கிறது. அதைத் திறந்த நிலைக்குச் சுற்றிவிட்டுப் படம் எடுங்கள். ரிப்பேர் எதுவும் இல்லை.

கே: பெல்லோஸில் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் இருக்கும் மடிப்புத் துருத்தி) ஓட்டை இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

ப: இருட்டு அறையில் முழுசாக நீட்டி உள்ளே டார்ச் வைத்துப் பாருங்கள். மடிப்பு மூலைகளில்தான் புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும். மெல்லிய கறுப்புத் துணியை ரப்பர் பசையால் உள்பக்கமாக ஒட்டலாம். தடித்த டேப் வேண்டாம், மடியாது. பல மூலைகளில் கசிந்தால் புதுசு தைப்பதே மேல்.

கே: ஃபோகஸ் பார்க்கும் கிரவுண்ட் கிளாஸ் (ஒரு பக்கம் தேய்த்த கண்ணாடி) உடைந்து புதுசு போட்டேன், ஃபோகஸ் தப்புகிறது.

ப: தேய்த்த பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் தப்பு. 4x5 அங்குல ஃபிலிமை வைக்கும் ஹோல்டரில் ஃபிலிம் 5 மி.மீ. ஆழத்தில் உட்காரும், கண்ணாடியின் தேய்த்த பக்கமும் அதே ஆழத்தில் இருக்கிறதா என்று வெர்னியரால் அளந்துவிடுங்கள்.

கே: பித்தளைக்கு பாலிஷ் போடலாமா?

ப: வேண்டாம். மேலே இருக்கும் பழைய லாக்கர் பூச்சு உரிந்துவிடும், பாலிஷ் மாவு மரத்தின் இடுக்கில் வெள்ளையாக உட்கார்ந்துகொண்டு போகவே போகாது.