ஹம்சா யூசஃப் ஏறிய படிகளும், உங்கள் வீட்டுச் சுவரின் ஈரமும்

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. பாகிஸ்தானிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் ஆனது எப்படி, ஏறிய வேகத்திலேயே இறங்கியது ஏன் என்பது ஒன்று. வாடகை வீட்டுச் சுவரெல்லாம் ஈரம், வீட்டுக்காரர் கண்டுகொள்வதில்லை, இங்கே எந்த அரசியல்வாதியிடம் போவது, ஓட்டே இல்லாத நம்மை மதிப்பார்களா என்பது மற்றொன்று.

முதலில் அந்தக் கடைசி வார்த்தையைத் திருத்திவிடுகிறேன். உங்களுக்கு ஓட்டு உண்டு. இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் காமன்வெல்த் குடிமக்கள். முறையான விசாவில் இங்கே வசித்தால் கவுன்சில் என்ற உள்ளாட்சி, எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், லண்டன் நாடாளுமன்றம் மூன்றுக்கும் வாக்களிக்கலாம். மாணவர் விசா போதும், குடியுரிமை வேண்டாம். இது தெரியாமலே பத்து வருஷம் இங்கே வாழ்ந்துவிடுகிறவர்கள் நிறைய.

ஹம்சா யூசஃப் கிளாஸ்கோவில் 1985-இல் பிறந்தவர். அப்பா பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியிலிருந்து சிறுவயதில் வந்தவர்; அம்மா கென்யாவில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்தார், கொஞ்ச காலம் கால் சென்டரில் வேலை பார்த்தார், பிறகு பஷீர் அகமதின் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். 2007-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் ஆசிய வம்சாவளியினர் இந்த அகமது. மேடைப் பேச்சைவிட இந்த உதவியாளர் வேலைதான் இங்கே உண்மையான முதல் படி என்பேன். தொகுதி மக்களின் வீடு, மருத்துவமனை, பள்ளிக்கூடப் புகார்களை வாங்கி, உரிய துறைக்கு எழுதி, பதில் வரும்வரை விடாமல் துரத்துவது அந்த வேலை. எந்தப் புகாருக்கு எந்த மேஜை என்பது அதில்தான் பழகும். 2009-இல் அகமது இறந்த பிறகும் யூசஃப் அதே கட்சியின், அதாவது எஸ்.என்.பி. என்னும் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின், மற்ற உறுப்பினர்களிடம் அந்த வேலையையே தொடர்ந்தார்.

2011-இல் அவர் ஜெயித்தது தொகுதியில் அல்ல, கிளாஸ்கோ வட்டாரப் பட்டியலில். இதைப் புரிந்துகொண்டால் இங்குள்ள தேர்தல் முறையே புரிந்துவிடும். மொத்தம் 129 எம்.எஸ்.பி.க்கள், அதாவது ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர்கள். 73 பேர் தொகுதியிலிருந்து, நம் ஊர்போல அதிக ஓட்டு வாங்கியவர். மீதி 56 பேர் எட்டு வட்டாரங்களிலிருந்து, வட்டாரத்துக்கு ஏழு பேர், கட்சிகள் தரும் பெயர்ப் பட்டியலிலிருந்து. வாக்குச்சாவடியில் இரண்டு சீட்டு தருவார்கள், இரண்டிலும் ஒரே ஒரு பெருக்கல் குறி. பட்டியல் சீட்டில் கட்சிக்கு விழுந்த ஓட்டை, அந்தக் கட்சி அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே ஜெயித்த இடங்களோடு ஒன்றைக் கூட்டி வகுப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் பெரிய எண் வரும் கட்சிக்கு ஓர் இடம். தொகுதியில் அள்ளிய கட்சிக்குப் பட்டியலில் கை இறுகும். 2011-இல் எஸ்.என்.பி. கிளாஸ்கோவில் ஐந்து தொகுதிகளோடு இரண்டு பட்டியல் இடங்களும் பெற்றது. அதில் ஒன்று யூசஃபுடையது. 2016-இல் ஒன்பது தொகுதிகளையும் அதுவே பிடித்ததால், பட்டியலில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அந்த முறை யூசஃப் பொல்லோக் தொகுதியில் நின்று, தொழிற்கட்சியின் முன்னாள் ஸ்காட்லாந்துத் தலைவர் ஜோஹன் லமோண்டைத் தோற்கடித்திருந்தார். பட்டியலை மட்டும் நம்பியிருந்தால் அன்றே வெளியே போயிருப்பார்.

2012-இல் வெளியுறவுக்கான இளைய அமைச்சர், 2016-இல் போக்குவரத்து, 2018-இல் நீதி, 2021-இல் சுகாதாரம் என்று வரிசையாக ஏறினார். போக்குவரத்து அமைச்சராக இருந்தபோதே, நண்பரின் காரை இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்காக 300 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் ஆறு தண்டனைப் பாயின்ட்டும் வாங்கினார். நம் ஆட்கள் அடிக்கடி விழும் குழி இது. இங்கே இன்சூரன்ஸில் யார் ஓட்டுவது என்பதுதான் முக்கியம். நண்பரின் காருக்கு பாலிசி இருக்கிறது என்பதால் நீங்கள் ஓட்டலாம் என்று ஆகாது. அந்தக் காரை நீங்கள் ஓட்டுவதற்கும் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் லைசென்ஸ் எடுத்து இரண்டு வருஷத்துக்குள் ஆறு பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸே ரத்து, மறுபடி டெஸ்ட்.

2023 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் விலகுவதாக அறிவித்ததும் கட்சித் தலைவர் தேர்தல் வந்தது. ஓட்டுப் போட்டவர்கள் கட்சி உறுப்பினர்கள் மட்டும், 50,000 பேருக்குக் கொஞ்சம் மேல். விருப்ப வரிசை முறை: முதல் சுற்றில் யூசஃபுக்கு 48.2 சதவீதம், பாதியைத் தாண்டவில்லை. மூன்றாவதாக வந்த ஆஷ் ரீகனின் ஓட்டுகளை இரண்டாம் விருப்பப்படி பிரித்ததும் 52.1-க்கு 47.9 என்று கேட் ஃபோர்ப்ஸை வென்றார். கட்சித் தலைவர் ஆனதும் தானாக முதலமைச்சர் ஆகிவிட முடியாது. நாடாளுமன்றம் வாக்கெடுத்து முன்மொழிய வேண்டும், அரசர் நியமிக்க வேண்டும். பசுமைக் கட்சி கைகொடுக்க 71 ஓட்டு விழுந்தது. மார்ச் 29-ஆம் தேதி எடின்பரோவில் பதவியேற்றார்.

அவரைக் கவிழ்த்தது கணக்கு. 2024 ஏப்ரலில் அரசு, 2030-க்குள் கார்பன் வெளியீட்டை 75 சதவீதம் குறைக்கும் இலக்கைக் கைவிட்டது. பசுமைக் கட்சி கொதித்து, கூட்டணி நீடிக்க வேண்டுமா என்று தன் உறுப்பினர்களிடம் கேட்கப் போனது. அதற்குள் ஏப்ரல் 25-ஆம் தேதி யூசஃபே ஒப்பந்தத்தை முறித்தார். உடனே அவர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. அப்போது எஸ்.என்.பி. கையில் 63 பேர், எதிரே 65 பேர்; சபாநாயகர் கணக்கில் இல்லை. அந்த 65-இல் ஒருவர் ஆஷ் ரீகன், முந்தைய அக்டோபரில் ஆல்பா கட்சிக்குப் போய்விட்டவர். அவர் ஓட்டு வந்தால் 64-க்கு 64. சமநிலையில் சபாநாயகர் இருக்கும் நிலையைக் காப்பாற்றத்தான் வாக்களிப்பார். ஆனால் அந்த ஒரே ஓட்டுக்காக ஆல்பா சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியிருக்கும். யூசஃப் அதற்கு இணங்காமல் ஏப்ரல் 29-ஆம் தேதி விலகுவதாக அறிவித்தார். மே மாதம் அவர் இடத்துக்கு ஜான் ஸ்வின்னி வந்தார். என் பார்வையில், விலகிய முறை மரியாதையானது. முறித்த முறைதான் தவறு. பசுமைக் கட்சியின் ஏழு பேரை அவமதித்து அனுப்பிய பிறகு, அவர்கள் எதிராக வாக்களிக்க மாட்டார்கள் என்று எண்ணியிருக்கக் கூடாது.

இனி உங்கள் சுவர். மேலே போகும் முன் கீழிருந்து தொடங்குங்கள். தேதி தெரியும்படி படம் எடுத்து, வீட்டுக்காரருக்கோ ஏஜென்ட்டுக்கோ மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. வாடகையை நிறுத்தாதீர்கள், பாக்கி விழுந்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். வாடகைக்கு விடுபவர் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம், பாருங்கள். வீடு மழைக்கும் காற்றுக்கும் தாங்க வேண்டும் என்பது சட்டம் வகுத்த பழுதுநீக்கத் தரத்தில் உள்ளது. எழுதியும் நியாயமான காலத்தில் வேலை நடக்காவிட்டால் வீட்டுவசதித் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை.

கூடவே உங்கள் வார்டு கவுன்சிலருக்கு எழுதுங்கள். குப்பை, பள்ளி இடம், கவுன்சில் வரி, வீட்டுக்காரர் பதிவு எல்லாம் கவுன்சில் வேலை. மருத்துவமனைக் காத்திருப்பு, போலீஸ், ரயில் என்றால் எம்.எஸ்.பி. விசா தாமதம் என்றால் லண்டனுக்குப் போகும் எம்.பி. மட்டுமே, குடியேற்றம் ஸ்காட்லாந்து அரசின் கையில் இல்லை. எம்.எஸ்.பி.யிடம் விசா ஃபைலைக் கொண்டுபோய் ஒரு மாதம் வீணாக்குவதுதான் புதிதாக வந்தவர்கள் அதிகம் செய்வது.

உங்களுக்குத் தொகுதி எம்.எஸ்.பி. ஒருவர், வட்டார எம்.எஸ்.பி. ஏழு பேர். எட்டுப் பேருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிடக்கூடும், ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். கடிதத்தில் முழுப் பெயர், முகவரி, முக்கியமாக போஸ்ட்கோட் இருக்கட்டும். அது இல்லையென்றால் நீங்கள் அவர் தொகுதிதானா என்று கேட்டே முதல் பதில் வரும். என்ன நடந்தது, யாரிடம் எப்போது சொன்னீர்கள், புகார் எண், என்ன செய்து தர வேண்டும் — ஒரு பக்கம் போதும். நேரில் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் நடத்தும் சர்ஜரிக்கு, அதாவது மக்களைச் சந்திக்கும் நேரத்துக்கு, முன்பதிவு செய்யுங்கள். நாடாளுமன்றம் பொதுவாக செவ்வாய் முதல் வியாழன் வரை கூடுவதால் பெரும்பாலும் வெள்ளி, திங்களில் கிடைப்பார்கள். நீங்கள் ஓட்டுப் போட்டீர்களா, எந்தக் கட்சி என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

வாக்காளர் பதிவு அரசு இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை. கவுன்சில் வரி கட்டுவதால் பெயர் தானாகச் சேராது, வீடு மாறினால் மறுபடி பதிய வேண்டும். நேஷனல் இன்சூரன்ஸ் எண் (வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் எண்) இன்னும் வரவில்லை என்றால் அதைக் குறிப்பிட்டே அனுப்பலாம், வேறு சான்று கேட்பார்கள். கடைசி நாள் வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாள் முன்பு. லண்டன் நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சாவடியில் படமுள்ள அடையாளம் வேண்டும், இந்திய, இலங்கை பாஸ்போர்ட் ஏற்கப்படும். மற்ற இரண்டுக்கும் தேவையில்லை. அடுத்த கவுன்சில் தேர்தல் 2027 மே மாதம். அந்தச் சீட்டில் பெருக்கல் குறி போடாதீர்கள், விருப்ப வரிசையில் 1, 2, 3 என்று எண் எழுத வேண்டும்.