ரிமோர்ஸ்னா என்ன, அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சு?

நாம செஞ்ச ஒரு காரியம் இன்னொருத்தரைக் காயப்படுத்திடுச்சேன்னு மனசு கிடந்து அடிச்சுக்கும் பாருங்க, அதுதான் ரிமோர்ஸ். லத்தீன்ல இருந்து பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்த வார்த்தை, 'ரெ'ன்னா திரும்ப, 'மோர்டேரே'ன்னா கடிக்கிறது, ஆக திரும்பத் திரும்பக் கடிக்கிறதுன்னு அர்த்தம், ஒரு வாய் சாப்பாட்டைச் சொல்ற 'மார்சல்' கூட இதே வேர்தான். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, 1340ல கேன்டர்பரில ஒரு துறவி பிரெஞ்சு நூல் ஒண்ணை இங்கிலீஷ்ல எழுதினப்போ இந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்காம 'அயென்பைட்', அதாவது மறுகடின்னு போட்டு, மனசாட்சியோட மறுகடின்னே நூலுக்குப் பேரும் வெச்சுட்டார், எவ்வளவு அழகு பாருங்க!

ஏன் கடின்னு சொன்னாங்க? வெளிய யாரும் தண்டிக்கலைன்னாலும், ஏன் யாருக்குமே தெரியலைன்னாலும், தப்பு செஞ்சது நாமதான்னு நமக்குத் தெரியுமே, அது ஷூவுக்குள்ள மாட்டின சின்னக் கல்லு மாதிரி, நின்னா ஒண்ணும் தெரியாது, ஒவ்வொரு அடி வைக்கும்போதும் குத்தும்.

நிறைய பேர் ரிக்ரெட்டும், அதாவது இப்படி ஆயிடுச்சேங்கிற வருத்தமும், இதுவும் ஒண்ணுன்னு நினைக்கிறாங்க, ஆனா மழையால டூர் கெட்டுப்போச்சேங்கிறது வெறும் ரிக்ரெட்தான், நம்ம தப்புன்னு குத்தினாதான் ரிமோர்ஸ்.