ஹார்ட்விக் ஹால்: அத்தனை ஜன்னலுக்கும் சுவர் எங்கே?

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் இருக்கும் ஹார்ட்விக் ஹால் மாளிகையைப் படங்களில் பார்த்தேன். சுவரே இல்லாமல் ஜன்னலாக இருக்கிறது. கான்கிரீட் இல்லாத காலத்தில் இது எப்படி நின்றது? கணப்புகளை எங்கே வைத்தார்கள்? மாடி ஏற ஏற ஜன்னலும் ஏன் உயர்கிறது?

ஆர்.எஸ்.

அன்புள்ள ஆர்.எஸ்.,

இரண்டாவது கேள்வியில்தான் முதல் கேள்விக்கான விடை இருக்கிறது. வெளிச்சுவரில் கணப்பு வைத்தால் புகைபோக்கி மேலே போகும் வழியெல்லாம் ஜன்னலுக்கான இடம் போய்விடும். இங்கே பெரும்பாலான கணப்புகளை வீட்டின் நடுவே நீளவாக்கில் ஓடும் தடித்த உட்சுவருக்குத் தள்ளிவிட்டார்கள். மாடித் தளங்களைத் தாங்குவதிலும் அந்தச் சுவருக்குப் பெரிய பங்கு உண்டு. நீண்ட பக்கங்களில் இரண்டிரண்டு, குறுகிய பக்கங்களில் ஒவ்வொன்று என நிற்கும் ஆறு கோபுரங்கள் வெளிச்சுவருக்கு முட்டுக்கொடுக்கின்றன. அவற்றை வெறும் அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம்.

தவிர, வெளியே தெரிவதெல்லாம் ஜன்னல் இல்லை. சில கண்ணாடிகளுக்குப் பின்னால் இருப்பது புகைபோக்கி. சிலவற்றின் குறுக்கே இடைத்தளம் ஓடுகிறது. முகப்பு இருபுறமும் ஒத்திருக்க வேண்டும் என்ற பிடிவாதத்துக்குக் கொடுத்த விலை அது. என் கணக்கில் நியாயமான விலைதான்.

ஜன்னலின் உயரம் அந்தஸ்தைக் காட்டுகிறது. தரைத்தளம் பெரும்பாலும் வேலையாட்களுக்கு, முதல் மாடி குடும்பத்தின் அன்றாடப் புழக்கத்துக்கு. அதற்கும் மேலேதான் விருந்தினரை வரவேற்கும் பெரிய கூடமும் ஏறக்குறைய 50 மீட்டர் நீளக் காட்சிக்கூடமும் இருக்கின்றன. கட்டியவர் பெஸ் என்று அழைக்கப்பட்ட ஷ்ரூஸ்பரி சீமாட்டி எலிசபெத். 1590-ல் வேலை தொடங்கி 1597-ல் குடிபுகுந்தார். வரைபடம் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஸ்மித்சன் கைவண்ணம் என்பது பொதுவான கருத்து. கண்ணாடி விலையுயர்ந்த பண்டமாக இருந்த காலம் அது. அம்மையாருக்கோ சொந்தமாகவே கண்ணாடிப் பட்டறை இருந்தது. போதாததற்குக் கோபுர உச்சிகளில் எலிசபெத் ஷ்ரூஸ்பரி என்ற தன் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளான ஈ, எஸ் (E, S) இரண்டையும் கல்லில் பெரிதாக நிறுத்திவைத்தார். அடக்கம் அவருக்கு ஒத்துவராத குணம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: இத்தகைய ஜன்னல் எப்படிக் கெடுகிறது? சிறு சிறு கண்ணாடித் துண்டுகளை ஈயப்பட்டியால் இணைத்து, அந்தப் பலகத்தைக் கம்பியால் குறுக்கு இரும்புச் சட்டத்தோடு கட்டியிருப்பார்கள். கம்பி அறுந்தால் காற்று பலகத்தைத் தள்ளித் தள்ளி ஈயம் தளரும், பலகம் வயிறு தள்ளும், மழை உள்ளே இறங்கும். அதைவிட மோசம், கல்லுக்குள் செருகிய இரும்பு முனை. துருப்பிடித்து உப்பி, ஜன்னலைப் பிரிக்கும் கல் சட்டத்தையே பிளந்துவிடும். பலகத்தைக் கழற்றிப் புது ஈயம் பூட்டும்போதே இரும்பு முனையை வெட்டிவிட்டு வெண்கலமோ துருப்பிடிக்காத எஃகோ வைப்பது நல்லது. பழைய இரும்பையே திரும்பச் செருகினால் கல் மறுபடியும் வெடிக்கும்.

கல்லும் அந்த வட்டாரத்து மணற்கல்தான். மணற்கல் அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. அடுக்கின் முகம் வெளியே பார்க்கும்படி வைத்துக் கட்டினால் ஏடு ஏடாக உரியும். அதனால் சுவரில் மாற்றுக்கல் வைக்கும்போது, குவாரியில் படுத்திருந்த வாக்கிலேயே படுக்கவைக்க வேண்டும். மூட்டுக்குச் சுண்ணாம்புச் சாந்து மட்டுமே. சிமென்ட் பூசினால் ஈரம் மூட்டு வழியே வெளியேற முடியாமல் கல் வழியே வரும். சாந்து அப்படியே நிற்க, பக்கத்துக் கல் கரைந்து குழியாகும்.