கடைசி பெஞ்சில் ஒருவர்

அன்புள்ள ஐயா,

நான் திருநெல்வேலிக்காரன். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்து, ஆங்கிலம் கற்பிப்பதற்கான கேம்பிரிட்ஜின் தொடக்கநிலைச் சான்றிதழான செல்டாவும் வாங்கிவிட்டு, ஏழு ஆண்டுகளாக ஹனோயில் ஒரு மொழிப் பயிற்சி நிலையத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். அடுத்து அதற்கு மேல்நிலைப் பட்டயமான டெல்டா படிக்கலாமா என்று யோசனை. பணமும் நிறைய உழைப்பும் கேட்கிறது. என்னுடன் வேலை செய்யும் பிரிட்டிஷ்காரர்கள் சிலர் என்னைவிடக் குறைவாகப் படித்தவர்கள். ஆனால் பெற்றோர்கள் அவர்களுடைய வகுப்பைத்தான் கேட்கிறார்கள். டெல்டா இருந்தால் என் உச்சரிப்பை யாரும் குறை சொல்ல மாட்டார்கள் அல்லவா? புதிய உத்திகளும் கிடைக்கும். அல்லது ஊர் திரும்பி ஆய்வுப் பட்டம் செய்வது நல்லதா?

ச., ஹனோய்

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டின் பாடக்குறிப்பேடு கிடைத்தது. அதில் ஒரு பக்க ஓரத்தில் வேறொருவர் கையெழுத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உச்சரிப்பு. உங்களைக் குறை சொல்பவர் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டா சொல்கிறார்? முகத்தைப் பார்த்தவுடனே முடிவு செய்துவிடுகிறார். அதற்கு மருந்து கேம்பிரிட்ஜில் விற்பதில்லை. இதற்காகப் பணம் கட்டப் போகிறீர்கள் என்றால் கட்டாதீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் கையில் இருப்பது உங்களுக்கே தெரியவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். 'மதுரைக்குப் போனேன்', 'மதுரைக்குப் போயிருக்கிறேன்' என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தாய்ப்பாலோடு குடித்தவர் நீங்கள். ஆங்கிலம் அதே வேறுபாட்டை வேறு வழியில் காட்டுவதை வெளியிலிருந்து போய், தடுக்கி விழுந்து கற்றவர். உங்கள் மாணவனின் மொழியிலோ வினைச்சொல் காலத்துக்காக உருமாறுவதே இல்லை. அவன் எங்கே தடுக்குவான் என்று ஊகிக்க உங்களால் முடியும். ஆனால் ஏழு ஆண்டுகளில் வியட்நாமிய மொழி எவ்வளவு கற்றீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே ஐயா! காய்கறி வாங்கும் அளவுக்குத் தெரியும் என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது உத்திகள். இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பழைய கதை ஞாபகம் வருகிறது. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், அன்றைய சென்னை மாநிலத்தில், தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்க முயன்றார்கள். சிலருக்குச் சொல்லிக் கொடுப்பது, அவர்கள் இன்னும் பலருக்குச் சொல்லிக் கொடுப்பது என்று திட்டம். உருள உருளப் பெருகும் பனிப்பந்து என்ற பொருளில் 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று அதற்குப் பெயர். மெட்ராஸ் வெயிலில் பனிப்பந்து! நம் ஊர் விவசாயி பெயர் வைத்திருந்தால் வாய்க்கால் என்று வைத்திருப்பார். தலைமதகில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு எவ்வளவு வந்து சேரும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

நான் அந்தக் கடைமடையில் படித்தவன். எங்கள் ஆசிரியர் 'ஐ ஆம் வாக்கிங் டு தி டோர்' என்று சொல்லிக்கொண்டே கதவுவரை நடப்பார். நாற்பது பேரும் ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொல்வோம், உட்கார்ந்த இடத்திலிருந்து அசையாமல். நல்ல மனிதர், பாவம். நடக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். எதற்கு நடக்கிறோம் என்பது வழியிலேயே எங்கோ ஆவியாகிவிட்டது.

இப்படி ஒவ்வொரு வாக்கிய வடிவமாக, இலக்கண அமைப்புகளைப் படிக்கட்டாக அடுக்கிய பாடத்திட்டங்களின் மீது ஏற்பட்ட அதிருப்தியில்தான் ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு 1979இல் பெங்களூர் திட்டம் என்ற பள்ளிப் பரிசோதனையைத் தொடங்கினார். 1984வரை நடந்தது. ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து, கணக்கை அவிழ்க்கச் சொல்வார்கள். பிள்ளைகள் விடையைத் தேடும்போது மொழி தானாகப் படியும் என்பது எண்ணம். படிந்ததா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள், அதை விடுங்கள். 1990இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில்தான் என் மனம் நிற்கிறது. எல்லோருக்கும் சிறந்த கற்பித்தல் முறை என்று ஒன்று கிடையாது, தான் செய்வது எப்படி மாணவனிடம் கற்றலாக மாறுகிறது என்ற உணர்வு ஆசிரியருக்குள் உயிரோடு இருக்கிறதா என்பதே கேள்வி என்றார். நல்ல கற்பித்தலுக்கு எதிரி மோசமான முறை அல்ல, வெறும் பழக்கமாகிப் போவது என்றார்.

டெல்டாவை நான் மதிப்பது இந்த இடத்தில்தான். அதன் முதல் பகுதி எழுத்துத் தேர்வு, மூன்றாம் பகுதி நீண்ட கட்டுரை. உங்களைப் போன்றவர் விழுந்து விழுந்து படித்துத் தேறிவிடுவார். இரண்டாம் பகுதிதான் ஆளை உலுக்கும். நான்கு பாடங்களை ஒருவர் உட்கார்ந்து பார்ப்பார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஏன் இதை இப்படிக் கற்பிக்கப் போகிறேன் என்று எழுத வேண்டும், முடிந்ததும் என்ன ஆயிற்று என்று எழுத வேண்டும். கடைசிப் பாடத்தை வெளியாள் வந்து மதிப்பிடுவார். இதுவரை செய்யாத ஒன்றை வகுப்பில் செய்து பார்க்கும் வேலையும் உண்டு.

நான் போன பயிற்சிகள் பலவும் கூடம், மைக், போண்டா, வருகைப் பதிவில் கையெழுத்து என்று முடிந்தவை. ஒரே ஒருமுறை, பயிற்சி முடிந்த பிறகு ஒரு மூத்த பெண்மணி என் எட்டாம் வகுப்புக்கே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நன்றாக நடத்தினேன் என்றே நினைத்தேன். போகும்போது குறிப்பேட்டு ஓரத்தில் எழுதினார்: 'மூன்றாம் வரிசைச் சிறுமி வாயைத் திறந்தாள். நீங்கள் பதிலைச் சொல்லிவிட்டீர்கள். ஏன்?' எனக்குக் கோபம் வந்தது. பாடத்தை முடிக்க வேண்டாமா என்றேன். "யாருக்காக?" என்று கேட்டுவிட்டு டீயை எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு கேள்வி கேட்டால் மனத்துக்குள் ஐந்துவரை எண்ணத் தொடங்கினேன். முதல் வாரம் அந்த ஐந்துக்குள் எனக்கு வியர்த்துவிடும். மூன்றாவது வாரம் பதில்கள் வந்தன, முக்கால்வாசி தவறாக. அவற்றைக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று புரிய இன்னும் ஓராண்டு ஆயிற்று.

ஆகவே பணம் இருந்தால் சேருங்கள். இல்லாவிட்டால் அந்தப் பிரிட்டிஷ்காரர்களில் ஒருவரை உங்கள் வகுப்பில் உட்காரச் சொல்லுங்கள், அவருடைய வகுப்பில் நீங்கள் போய் உட்காருங்கள். வியட்நாமிய மொழி வகுப்பில் சேர்ந்ததும் எனக்கு எழுதுங்கள். ஆய்வுப் பட்டம் பற்றியும் ஏதோ கேட்டிருந்தீர்கள். அது இன்னொரு நாள்.