பின்னணியில் விட்ட ஸ்கிரிப்ட் இன்னும் ஓடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது, எப்படி நிறுத்துவது?

லினக்ஸ் சர்வர் என்றே வைத்துக்கொள்கிறேன். ஸ்கிரிப்டைப் பின்னணியில் விட்டு டெர்மினலை மூடியிருப்பீர்கள், திரும்ப வந்து ஜாப்ஸ் என்று தட்டினால் ஒன்றும் வந்திருக்காது. வராது, அது அந்த ஷெல்லில் கிளப்பியதை மட்டும்தான் காட்டும். ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களை, அதாவது நிரல்களை, பெயர் வைத்துத் தேடும் பிகிரெப் கட்டளைக்கு ஏ, எஃப் இரண்டு ஆப்ஷனையும் கொடுத்து ஸ்கிரிப்ட் பெயரைப் போடுங்கள். எஃப் முக்கியம், இல்லாவிட்டால் பைதான் என்று முன்னால் போட்டு ஓட்டியது எதுவும் சிக்காது, ப்ராசஸ் பெயர் பைதான் என்றுதானே இருக்கும்.

நிறுத்துவது என்றால் வெறும் கில், அப்புறம் பிஐடி எண், அதாவது பிகிரெப் காட்டும் அந்த ப்ராசஸின் அடையாள எண். இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். கில் மைனஸ் 9 போடு, வலுக்கட்டாயமாகக் கொன்றுவிடு என்று எடுத்த எடுப்பில் சொல்லிக்கொடுக்கிறவர்கள் எல்லா ஆபீஸிலும் இருக்கிறார்கள். முன்பு வேலை பார்த்த இடத்தில் நான் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று கிரானில், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதியில், ராத்திரி ஓடும், ஆரம்பிக்கும்போது ஏற்கெனவே ஓடுகிறது என்பதற்கு அடையாளமாக ஒரு லாக் ஃபைல், அதாவது பூட்டுக் கோப்பு, வைக்கும், முடியும்போது டிராப் (ஸ்கிரிப்ட் முடிந்தாலோ நிறுத்தச் சொல்லி சிக்னல் வந்தாலோ ஓட வேண்டியதைக் குறித்து வைக்கும் கட்டளை) வழியாக அதை அழித்துவிடும். ஒரு சீனியர் அதை 9 போட்டு நிறுத்தியிருக்கிறார். 9 என்ற சிக்னலை எந்த ப்ராசஸும் பிடித்துக் கையாள முடியாது, டிராப் ஓடாது, லாக் ஃபைல் அப்படியே கிடந்தது, அடுத்தடுத்த ராத்திரிகளில் ஸ்கிரிப்ட் அதைப் பார்த்துவிட்டு சத்தமில்லாமல் வெளியேறியது. ரிப்போர்ட் வரவில்லை என்றதும் பழி என் மேல். கடைசியில் ஷெல் ஹிஸ்டரியை எடுத்துக் காட்டினேன், அதற்குப் பிறகு அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை, அது வேறு கதை.

லாக் ஃபைலுக்குப் பதில் எஃப்லாக் என்ற பூட்டுக் கட்டளையைப் போட்டிருக்கலாமே என்பீர்கள். ப்ராசஸ் எப்படிச் செத்தாலும் லினக்ஸின் மையமான கெர்னலே பூட்டை விடுவித்துவிடும், தெரியும், பிறகு அதைத்தான் போட்டேன். ஆனால் அது 9-க்கு நியாயம் ஆகாது.

சாதாரண கில் அனுப்புவது 15, அதாவது முடித்துக்கொள் என்று கேட்கும் சிக்டெர்ம் சிக்னல். அதற்கு அசையவில்லை என்று அவசரப்படாதீர்கள். டிராப் வைத்த பாஷ் ஸ்கிரிப்ட், நடுவில் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் போல நீளமான கட்டளைக்காகக் காத்திருந்தால் அது முடிந்த பிறகுதான் டிராபைக் கவனிக்கும். எந்த ப்ராசஸ் எதைக் கிளப்பியது என்று காட்டும் பிஎஸ்ட்ரீயை பி ஆப்ஷனோடு போட்டுப் பார்த்து அந்தக் குழந்தை ப்ராசஸுக்கும் ஒரு கில் அனுப்பினால் இரண்டும் ஒழுங்காக இறங்கிவிடும். ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை காட்டும் நிலை டி என்று இருந்தால் டிஸ்க்கிலோ நெட்வொர்க் கோப்பிலோ மாட்டியிருக்கும், பெரும்பாலும் 9 போட்டாலும் அந்தக் காத்திருப்பு முடியும்வரை போகாது. இசட் என்றால் ஏற்கெனவே செத்தது, அதன் பெற்றோர் ப்ராசஸைப் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள், உதவி கேட்கும்போது டெர்மினல் திரையை மொபைலில் கோணலாகப் படம் பிடித்து அனுப்பாதீர்கள் அய்யா, பிஐடி எண்ணை அதில் பார்த்துப் பார்த்துத் தட்டுவதற்குள் உயிர் போகிறது, காப்பி செய்து ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

அடுத்த முறை, டெர்மினலை மூடினாலும் உள்ளே இருப்பதை ஓடவிட்டு வைக்கும் டிமக்ஸ் உள்ளே ஓட்டுங்கள், இணைப்பு அறுந்தாலும் திரும்ப அட்டாச் செய்து பார்த்துக்கொள்ளலாம்.